உலோக 3டி பிரிண்டிங்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

லேசரால் உலோகத்தூளை உருக்கி, அடுக்கடுக்காகப் பாகத்தை வளர்க்கும் தொழில் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். இங்குள்ள எண்கள் லேசர் பவுடர் பெட் (தகட்டின் மேல் பரப்பிய தூளை லேசரால் உருக்கும்) இயந்திரங்களுக்கானவை. உங்கள் இயந்திரத்தின் கையேடு வேறு எண் சொன்னால் கையேட்டையே பின்பற்றுங்கள்.

பில்ட் இன்ஜினியர் என்ற வேலைக்கு விளம்பரம் பார்த்தேன். இயந்திரத்தை ஓட்டுபவர்தானா இவர்? டிசைனருக்கும் இவருக்கும் என்ன வேறுபாடு?
*மெக்கானிக்கல் பட்டதாரி, கோவை*

டிசைனர் பாகம் எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறார். ஆபரேட்டர் இயந்திரத்தைத் தயார் செய்து ஓட்டுகிறார். இருவருக்கும் நடுவில், அந்தப் பாகத்தை எந்தக் கோணத்தில் நிறுத்துவது, எங்கே சப்போர்ட் (பாகத்தைத் தாங்கி, பின்னால் உடைத்தெடுக்கும் முட்டு) கொடுப்பது, பாகம் வளரும் அடித்தகட்டில் எத்தனை பாகங்களை எப்படி அடுக்குவது, பிரிண்ட் முடிந்தபின் தூளை எப்படி வெளியே எடுப்பது, எந்தச் சூட்டில் பதப்படுத்துவது, எங்கே வெட்டுவது என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே முடிவு செய்து எழுதிக் கொடுப்பவர் பில்ட் இன்ஜினியர். தகட்டில் ஒரு முறை பிரிண்ட் செய்து முடிப்பதுதான் ஒரு பில்ட். சிறிய நிறுவனங்களில் ஆபரேட்டர் வேலையும் இவர் தலையில்தான் விழும். அது நல்லதுதான். தூளைத் தொடாமல் திரையில் மட்டும் சப்போர்ட் போடுகிறவருக்கு, அதை உளியால் உடைத்து எடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது தெரியாது.

இந்த வேலைக்கு நம் பக்கத்தில் தேவை ஏன் கூடுகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் நிலையில் பயன்படும் பி.எஸ்.4 இன்ஜினை இஸ்ரோ இந்த முறைக்கு ஏற்ப மறுவடிவமைத்து, 2024 மே 9 அன்று மகேந்திரகிரியில் 665 விநாடிகள் எரித்துச் சோதித்தது. 14 பாகங்கள் ஒரே பாகமாயின. 19 வெல்டிங் இணைப்புகள் இல்லாமல் போயின. முன்பு ஓர் இன்ஜினுக்கு 565 கிலோ ஃபோர்ஜிங்கும் தகடும் வேண்டியிருந்தது, இப்போது 13.7 கிலோ உலோகத்தூள் போதும். அதே மாதம் 30ஆம் தேதி, சென்னை அக்னிகுல் நிறுவனம் ஒரே துண்டாகப் பிரிண்ட் செய்த இன்ஜினுடன் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துணைச் சுற்றுப்பாதை ராக்கெட்டை ஏவியது. 19 வெல்டிங் இல்லை என்றால், அந்த 19 இடங்களில் வெல்டர் ஏற்ற பொறுப்பு இப்போது பில்ட் இன்ஜினியரிடம் வந்திருக்கிறது என்று பொருள்.

இன்கோனெல் 718 என்ற நிக்கல் கலவையில் ‘எல்’ வடிவ பிராக்கெட் ஒன்று. ஒரு கை 120 மி.மீ. நீளம், தகட்டின் மேல் 4 மி.மீ. உயர சப்போர்ட்டில் படுத்த நிலையில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் பாகம் வளரத் தொடங்கிச் சிறிது நேரத்தில் மூலை தூக்கிக்கொண்டு, தூளைப் பரப்பும் ரீகோட்டர் இடித்து நின்றுவிடுகிறது. லேசர் பவரைக் குறைத்தும் பயன் இல்லை. என்ன செய்வது?
*பிரிண்டிங் பிரிவு ஊழியர், ஓசூர்*

பவரை முதலில் பழைய எண்ணுக்கே கொண்டு வாருங்கள். உங்கள் சிக்கல் பவரில் இல்லை, பாகம் நிற்கும் நிலையில் இருக்கிறது.

உருகிய அடுக்கு ஆறும்போது சுருங்கப் பார்க்கிறது. கீழே ஏற்கெனவே இறுகிப்போன அடுக்கு அதைச் சுருங்க விடுவதில்லை. அந்த இழுவிசை அடுக்குக்கு அடுக்கு சேர்ந்துகொண்டே போய், கடைசியில் ஓரங்களை மேல்நோக்கி இழுக்கிறது. அடுக்கின் பரப்பு பெரிதாக இருந்தால் இழுவையும் பெரிது. 120 மி.மீ. நீளமுள்ள தட்டையான முகம் முழுவதும் ஒரே அடுக்கில் தொடங்குகிறது, அதுவும் மெல்லிய பல் போன்ற சப்போர்ட் முனைகளின் மேல். மூலையில் உள்ள பற்கள் முதலில் அறுந்துபோகும். அறுந்த மூலை ஓர் அடுக்கின் உயரமான 40 மைக்ரான் எழுந்தாலே போதும், ரீகோட்டர் பிளேடு உரசத் தொடங்கும். சப்போர்ட்டுகளுக்கு இடையே இருக்கும் தளர்ந்த தூள் சூட்டைக் கடத்தாது என்பதால் அந்த இடங்கள் கூடுதலாகச் சூடேறி, அடிப்பக்கம் கசடு போலத் தொங்கி, மேல்பக்கம் மேடிட்டு நிற்கும்.

முதலில் கோணத்தை மாற்றுங்கள். நீளக் கை தகட்டோடு சுமார் 45 டிகிரி இருக்கும்படி பாகத்தைச் சாய்த்தால், ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு குறுகிய கீற்றுதான் உருகும், பரப்பும் படிப்படியாகத்தான் கூடும். 45 டிகிரியும் அதற்கு மேலும் செங்குத்தாக நிற்கும் முகங்கள் பெரும்பாலும் சப்போர்ட் இல்லாமலே வளரும். அதற்குக் கீழே போகப் போக அடிப்பக்கம் சொரசொரப்பாகும், சப்போர்ட் கட்டாயமாகும். உயரம் கூடும், நேரமும் கூடும், இருந்தாலும் மூன்று முறை இடித்து நின்ற பில்டை விட இது மலிவு.

அடுத்து, பாகத்தை மேலிருந்து பார்க்கும்போது ரீகோட்டர் பிளேடுக்கு இணையாக எந்த நீள ஓரமும் இருக்கக் கூடாது. 5 முதல் 15 டிகிரி திருப்பி வையுங்கள். அப்போது பிளேடு ஒரு முனையில் தொட்டு மெல்ல ஏறிச் செல்லும், முழு நீளத்தையும் ஒரே நேரத்தில் மோதாது. சாய்வாகத் தொங்கும் முகம் பிளேடு வரும் திசையைப் பார்க்காமல், பிளேடு போகும் திசையைப் பார்க்க வேண்டும்.

சப்போர்ட்டில், மூலைகளுக்கும் ஓரங்களுக்கும் பிளாக் சப்போர்ட்டை (மெல்லிய சுவர்க் கட்டங்களை) மட்டும் நம்பாதீர்கள். அங்கே கெட்டியான கூம்பு அல்லது தூண் சப்போர்ட் வையுங்கள், மேல்முனை விட்டம் 1 முதல் 1.5 மி.மீ. இருக்கட்டும். நடுப்பகுதிக்கு பிளாக் போதும். சப்போர்ட்டின் பற்கள் பாகத்துக்குள் சில அடுக்குகளாவது நுழைந்திருக்க வேண்டும், மேலோடு தொட்டு நின்றால் முதல் சுருக்கத்திலேயே விட்டுவிடும். சப்போர்ட் இரண்டு வேலை செய்கிறது: பிடித்துக்கொள்கிறது, சூட்டைத் தகட்டுக்கு இறக்குகிறது. உங்கள் பாகத்தில் பிடிமானம் போதவில்லை.

தகட்டையும் பாருங்கள். மீண்டும் மீண்டும் சாணை பிடித்து மெலிந்துபோன தகடு, பாகத்தோடு சேர்ந்து தானும் வளையும். மூலை போல்ட்டுகள் நான்கும் சரியாக இறுக்கப்பட்டிருக்கின்றனவா, தகட்டின் மட்டம் சூடேற்றியபின் பார்க்கப்பட்டதா என்று உறுதி செய்யுங்கள். குளிர்ந்த நிலையில் பார்த்த மட்டம் 80 டிகிரியில் செல்லாது.

கடினமான பிளேடுக்குப் பதில் கார்பன் ஃபைபர் பிரஷ் போட்டுவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். நிற்காமல் ஓடும், உண்மைதான். ஆனால் எழுந்த மூலை எழுந்தபடியேதான் இருக்கும், அளவும் தப்பும், அந்த இடத்தில் தூள் மெலிதாகப் படியும். மெல்லிய கம்பி வேலைப்பாடுள்ள பாகங்களுக்குப் பிரஷ் நல்லது. பிடிமானம் இல்லாத பாகத்துக்கு அது மருந்தாகாது.

இனி வரும் தோல்விகளில், இடித்த உயரத்தை எழுதி வையுங்கள். முதல் சில மி.மீ.க்குள் என்றால் சப்போர்ட் அல்லது தகடு. நடுவில் என்றால் அந்த உயரத்தில் குறுக்குவெட்டு திடீரென்று விரிந்திருக்கும், டிராயிங்கில் போய்ப் பாருங்கள். உச்சியில் என்றால் பாகம் ஒல்லியாகவும் உயரமாகவும் இருந்து ஆடுகிறது. அகலத்தைப் போல் எட்டு, பத்து மடங்கு உயரம் போகும் பாகத்துக்குப் பக்கவாட்டில் முட்டுக் கொடுத்துதான் ஆக வேண்டும்.

டைட்டானியமும் அலுமினியமும் ஒரே இயந்திரத்தில் மாற்றி மாற்றி ஓட்டலாமா?
*சிறுதொழில் முனைவோர், திருச்சி*

இயந்திரம் இரண்டையும் ஓட்டும். நீங்கள் ஓட்டாதீர்கள். ஓர் உலோகத்தின் தூள் சீல்களிலும், வடிகட்டிக் குழாயிலும், சலிப்பானிலும் ஒளிந்திருந்து அடுத்த உலோகத்தில் கலக்கும். முழுச் சுத்தம் செய்யப் பல நாள் ஆகும், அதன்பிறகும் வாடிக்கையாளர் நம்பமாட்டார். பணம் இருந்தால் இரண்டு இயந்திரம், இல்லையென்றால் ஒரே உலோகம்.

ஒரே பாகத்துக்கு மூன்று இடங்களில் மூன்று விலை சொல்கிறார்கள். பிரிண்டிங் நேரத்தை நாமே எப்படிக் கணக்கிடுவது?
*பட்டறை உரிமையாளர், அம்பத்தூர்*

முதலில் உருகும் நேரம், அடுத்து தூள் பரப்பும் நேரம். இரண்டையும் தனித்தனியாகப் போட்டுக் கூட்டுங்கள்.

இன்கோனெல் 718, 40 மைக்ரான் அடுக்கு என்று வைத்துக்கொள்வோம். புழக்கத்தில் உள்ள ஓர் அளவுத் தொகுப்பு: 285 வாட் பவர், விநாடிக்கு 960 மி.மீ. வேகம், கோட்டுக்குக் கோடு 0.11 மி.மீ. இடைவெளி. 960, 0.11, 0.04 மூன்றையும் பெருக்கினால் விநாடிக்கு 4.2 கன மி.மீ., அதாவது மணிக்குச் சுமார் 15 கன செ.மீ. சப்போர்ட்டையும் சேர்த்து உங்கள் பாகம் 300 கன செ.மீ. என்றால் உருகவே 20 மணி நேரம். உயரம் 100 மி.மீ. என்றால் 2,500 அடுக்குகள். ஒவ்வொன்றுக்கும் தூள் பரப்ப 10 விநாடி ஆனால் அதற்கு 7 மணி நேரம். மொத்தம் 27. ஓரக்கோடுகள், லேசர் இடம் மாறும் நேரம் எல்லாம் சேர்த்து 30 என்று வையுங்கள்.

விலை மாறுவது பெரும்பாலும் பரப்பும் நேரத்தால்தான். அதே பாகத்தை 200 மி.மீ. உயரமாக நிறுத்தினால் பரப்பவே 14 மணி நேரம். ஆனால் நின்ற நிலையில் தகட்டில் நான்கு பாகங்கள் கொள்ளும் என்றால் அந்த 14 மணி நேரம் நான்காகப் பங்கு போகும். ஒன்று மட்டும் கேட்டால் ஒரு விலை, நான்கு கேட்டால் வேறு விலை. விலை கேட்கும்போது எந்த நிலையில் நிறுத்தப் போகிறீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிறவர் இன்னும் பாகத்தைப் பார்க்கவில்லை.

தூளின் கணக்கையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம், பலர் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். 250க்கு 250 மி.மீ. தகட்டில் 100 மி.மீ. உயரம் என்றால் தூள் நிரம்பும் இடம் 6.25 லிட்டர். பரப்பிய தூளின் அடர்த்தி கெட்டி உலோகத்தில் ஏறக்குறைய பாதி, எனவே சுமார் 26 கிலோ. ஒவ்வோர் அடுக்குக்கும் தேவைக்கு மேல் கொஞ்சம் தள்ளி, மிச்சம் மறுபுறம் விழ வேண்டும். 1.7 மடங்கு என்று வைத்தால் 44 கிலோ கையிருப்பு வேண்டும். பாகத்தின் எடை என்னவோ இரண்டரை கிலோதான். மீதித் தூள் சலித்துத் திரும்ப வரும், ஆனால் தொடங்கும்போது இருந்தாக வேண்டும். நடுவில் தீர்ந்து, கதவைத் திறந்து நிரப்பினால், பாகம் ஆறிச் சுருங்கி, மீண்டும் தொடங்கிய இடத்தில் சுற்றிலும் ஒரு கோடு தெரியும். விமானத்துறையில் அந்தக் கோட்டுக்காகவே பாகம் கழிக்கப்படும்.

வெட்டிப் பார்த்ததில் உள்ளே நுண்துளைகள். அளவுத் தொகுப்பு இயந்திர நிறுவனம் கொடுத்ததுதான், எதையும் மாற்றவில்லை. பிறகு எப்படி?
*தர ஆய்வாளர், ஸ்ரீபெரும்புதூர்*

துளையின் வடிவத்தைப் பாருங்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது.

கோணல்மாணலாக, கூரிய ஓரத்தோடு, அடுக்கின் வாட்டத்தில் படுத்திருந்து, உள்ளே உருகாத தூள்மணி தெரிந்தால் சூடு போதவில்லை. எண்களை மாற்றாமலே இது வரும். லேசர் வரும் கண்ணாடியில் புகைப்படலம் படிந்திருந்தால் 285 வாட் என்று திரை காட்டும், தூளுக்குப் போய்ச் சேருவது குறைவாக இருக்கும். ஒவ்வொரு பில்டுக்கும் முன் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் நூல் உதிராத துணியும் கொண்டு அந்தக் கண்ணாடியைத் துடைப்பது வேலையின் பகுதி. பவர் மீட்டர் வைத்து அளப்பதற்கு ஒரு கால அட்டவணையும் வேண்டும். தூள் ஓரிடத்தில் தடித்துப் படிந்தாலும் இதே துளை வரும்.

உருண்டையாக, உருகிய குட்டையின் அடியாழத்தில், குறிப்பாக லேசர் திரும்பும் ஓரங்களில் இருந்தால் சூடு அதிகம். உலோகம் ஆவியாகிக் குழி ஆழமாகத் தோண்டப்பட்டு, வாய் மூடிக்கொண்டு உள்ளே குமிழ் மாட்டிக்கொள்கிறது. மிகச் சிறிய உருண்டைகள் எங்கும் சீராகப் பரவியிருந்தால் தூளைச் சந்தேகியுங்கள். தூள் தயாரிக்கும்போதே மணிக்குள் ஆர்கான் சிறைப்பட்டிருக்கலாம். அலுமினியத்தில் என்றால் ஈரம் காரணமாக ஹைட்ரஜன் குமிழ்களாகும்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு கேள்வி: துளையுள்ள பாகங்கள் தகட்டின் எந்தப் பக்கம் இருந்தன? புகையை அடித்துச் செல்ல இயந்திரத்துக்குள் ஓடும் காப்பு வாயு வெளியேறும் பக்கத்தில் மட்டும் என்றால், லேசர் தெறிக்கும் பொறித்துகள்கள் அங்கே விழுந்து, அவற்றின் மேல் அடுத்த அடுக்கு சரியாக உருகவில்லை. அந்தப் பக்கப் பாகங்களை முதலில் உருக்கும்படி வரிசையை மாற்றுங்கள், வாயு வரும் பக்கம் கடைசியாக வரட்டும். முக்கியமான பாகத்தைத் தகட்டின் நடுவில் வையுங்கள். வடிகட்டி அடைத்திருந்தாலும் வாயு ஓட்டம் தளரும்.

ஹிப் எனப்படும் உயரழுத்தச் சூட்டுப் பதம் செய்தால் துளை மூடிவிடுமே என்பது அரை உண்மை. டைட்டானியம் கிரேடு 5க்கு 895 முதல் 955 டிகிரியில் குறைந்தது 100 மெகாபாஸ்கல் அழுத்தம் கொடுக்கும்போது உள்ளே இருக்கும் துளைகள் மூடும். மேற்பரப்பைத் தொட்டு நிற்கும் துளை மூடாது. ஆர்கான் நிரம்பிய குமிழ் பின்னால் மீண்டும் சூடேற்றினால் விரியவும் கூடும்.

வயர்கட் முதலிலா, ஸ்ட்ரெஸ் ரிலீவ் முதலிலா?
*ஐ.டி.ஐ. பயிற்சியாளர், மதுரை*

தூள் நீக்கம், ஸ்ட்ரெஸ் ரிலீவ் (உள்ளே தேங்கிய இழுவிசையைச் சூட்டால் தளர்த்துவது), பிறகு வயர்கட் (மின்பொறிக் கம்பியால் தகட்டிலிருந்து வெட்டுவது). இந்த வரிசை மாறக் கூடாது. உள்வழிகளில் தூளை விட்டுவிட்டு உலைக்குள் அனுப்பினால் அது கட்டியாகிவிடும், பிறகு எந்த அதிர்வுக்கும் வராது. ஸ்ட்ரெஸ் ரிலீவ் செய்யாமல் தகட்டிலிருந்து வெட்டினால், வெட்டிக்கொண்டிருக்கும்போதே பாகம் வளைந்து கம்பியைப் பிடித்துக்கொள்ளும். இன்கோனெல் 718க்கு 1,065 டிகிரியில் சுமார் ஒன்றரை மணி நேரம், ஆர்கான் அல்லது வெற்றிட உலையில், தகட்டோடு சேர்த்தே. வெட்டும் அகலமும் கடைசல் கழிவும் போக பாகம் நிற்க வேண்டும் என்பதால், தகட்டுக்கும் பாகத்துக்கும் இடையே 3 முதல் 5 மி.மீ. கூடுதல் உயரம் பில்டிலேயே கொடுத்திருக்க வேண்டும்.

தூளை எத்தனை முறை திரும்பப் பயன்படுத்தலாம்?
*கொள்முதல் அலுவலர், கோவை*

ஒரு நிலையான எண் கிடையாது. 15 முதல் 45 மைக்ரான் தூளை ஒவ்வொரு முறையும் 63 மைக்ரான் சலிப்பானில் சலிக்க வேண்டும். அதன்பிறகு முடிவு சொல்வது சோதனைதான். டைட்டானியம் ஒவ்வொரு சுற்றிலும் ஆக்சிஜனைக் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது. கிரேடு 5க்கு உச்சவரம்பு 0.20 சதவீதம், அதே கலவையின் தூய்மை கூடிய வகையான கிரேடு 23க்கு 0.13. வரம்பை நெருங்கினால் நிறுத்துங்கள். நிக்கல் கலவைகள் கூடுதல் சுற்று தாங்கும். 50 கிராம் தூள், ஹால் புனல் என்ற சோதனைப் புனலின் 2.54 மி.மீ. துளை வழியாக இறங்கும் நேரத்தை ஒவ்வொரு சுற்றிலும் எழுதினால், தூள் ஓட்டம் கெடத் தொடங்குவது முன்கூட்டியே தெரியும். இரண்டு லாட்களை (தனித்தனியாகத் தயாரித்த தூள் தொகுதிகளை) பதிவில்லாமல் கலப்பது பெருந்தவறு. பின்னால் ஒரு பாகம் உடைந்தால் எந்தத் தூள் என்று சொல்ல வழியிருக்காது.

என் மகன் இந்த வேலையில் சேர்ந்திருக்கிறான். ஆபத்து உண்டா?
*பெற்றோர், சேலம்*

உண்டு, முறையாகச் செய்தால் கட்டுப்படுத்தக்கூடிய ஆபத்துதான். அவரிடம் இவற்றைக் கேளுங்கள்.

அறையில் ஆக்சிஜன் மானி இருக்கிறதா? இயந்திரத்தை நிரப்பும் ஆர்கான் வாயு காற்றை விடக் கனமானது, வாசனை கிடையாது, பள்ளங்களில் தேங்கும். 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் அலாரம் அடிக்க வேண்டும், அடித்தால் வெளியேற வேண்டும். முகக்கவசம் எது? நிக்கல், கோபால்ட் தூள் நுரையீரலுக்குக் கேடு, துணி மாஸ்க் பயன்படாது, நுண்துகள் வடிகட்டி பொருத்திய கவசம் வேண்டும். டைட்டானியமோ அலுமினியமோ ஓட்டுகிறார்களா? அப்படியானால் உலோகத் தீக்கான டி வகைத் தீயணைப்பான் அருகில் இருக்க வேண்டும். எரியும் உலோகத்தூளின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, ஹைட்ரஜன் கிளம்பித் தீ பெரிதாகும். சாதாரண வேக்குவம் கிளீனர் கூடவே கூடாது. நிலைமின்சாரம் இறங்கும் காலணியும், எர்த் இணைப்பும் கட்டாயம்.

இந்த வேலையில் மிக ஆபத்தான நேரம் லேசர் ஓடும் நேரம் இல்லை, வடிகட்டி மாற்றும் நேரம். அதில் படிந்திருக்கும் கரும்புகைத்துகள் தூளை விடப் பன்மடங்கு நுண்ணியது, காற்றுப் பட்டவுடன் தானாகவே தீப்பிடிக்கக் கூடியது. கையேட்டில் சொன்னபடி அதைச் செயலிழக்கச் செய்து, மெதுவாக, இருவர் சேர்ந்து எடுக்க வேண்டும். ஷிஃப்ட் முடியும் அவசரத்தில் தனியாக ஒருவரை அனுப்புகிற இடம் என்றால், மகன் மறுத்துப் பேசுவதில் தவறே இல்லை.

வாடிக்கையாளர் டிராயிங்கில் எல்லா அளவுக்கும் ±0.02 மி.மீ. என்று போட்டு அனுப்புகிறார். பிரிண்டில் வருமா?
*சி.என்.சி. பட்டறை, ஓசூர்*

வராது. சிறு பாகங்களில் ±0.1 மி.மீ. எதிர்பார்க்கலாம். பொருந்தும் முகங்களுக்கு 0.5 முதல் 1 மி.மீ. கூடுதல் சதை விட்டு, பிறகு கடைந்தோ மில்லிங் செய்தோ எடுங்கள். எம்6 போன்ற சிறு மரைகளைப் பிரிண்ட் செய்யாதீர்கள், துளை போட்டு டேப் அடியுங்கள். பிரிண்ட் பாகத்தின் வளைந்த உருவத்தை வைஸில் பிடிக்க முடியாது என்பதால், பிடிப்பதற்கென்றே இரண்டு மூன்று தட்டையான திட்டுகளைப் பில்டிலேயே சேர்த்து, கடைசி ஆபரேஷனில் வெட்டி எறியும்படி டிசைனரிடம் பேசுங்கள்.

இந்த வேலைக்குச் சாஃப்ட்வேர் கோர்ஸ் முடித்தால் போதுமா?
*டிப்ளமோ மாணவி, நாமக்கல்*

மேஜிக்ஸ், நெட்ஃபேப் போன்ற மென்பொருள்கள் தெரிந்திருக்க வேண்டும், சில வாரங்களில் பழகிவிடலாம். நேர்காணலில் கேட்கப்படுவது வேறு. ஒரு டிராயிங்கைக் கொடுத்து, எப்படி நிறுத்துவாய், எங்கே சப்போர்ட், அதை எந்தக் கருவியால் எடுப்பாய், எந்த முகத்தை மெஷின் செய்வாய் என்று கேட்பார்கள். அதற்கு வெல்டிங் உலோகவியல், ஹீட் ட்ரீட்மென்ட், ஜி.டி.அண்ட்.டி. (டிராயிங்கில் வடிவ, அளவுப் பிழை வரம்புகளைக் குறிக்கும் முறை) மூன்றும் வேண்டும். டிப்ளமோ பாடத்திலேயே இவை இருக்கின்றன, தேர்வுக்காகப் படித்து மறக்காதீர்கள். இழுவிசைச் சோதனைத் துண்டை ஏன் செங்குத்தாகவும் பிரிண்ட் செய்கிறோம் என்ற கேள்விக்கு, அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையிலான பிணைப்பில் குறை இருந்தால் அந்தத் திசையில்தான் தெரியும் என்று காரணத்தோடு சொல்லத் தெரிந்தால் நல்ல தொடக்கம். விமானத்துறைக்குப் போக விரும்பினால் ஆபரேட்டர் தகுதி பற்றிய ஐ.எஸ்.ஓ./ஏ.எஸ்.டி.எம். 52942 தரநிலையைப் படியுங்கள்.

உள்வழிக் குழாய் 3 மி.மீ. விட்டம், இரண்டு வளைவு. தூள் வெளியே வருமா?
*டிசைனர், சென்னை*

இரண்டு முனையும் திறந்திருந்தால், வளைவு மென்மையாக இருந்தால், தட்டியும் திருப்பியும் எடுத்துவிடலாம். ஒரு முனை மூடியிருந்தால் வராது. வெளியேற்றுவதற்கென்று ஒரு துளை வைத்துப் பிறகு அடைத்துவிடுங்கள். எடுத்து முடித்தபின் பாகத்தை எடை போட்டு, கணினி மாதிரியின் கன அளவுக்கு வரவேண்டிய எடையோடு ஒப்பிடுங்கள். அதிலும் சந்தேகம் தீரவில்லை என்றால் சி.டி. ஸ்கேன் எடுங்கள், உலைக்கு அனுப்புவதற்கு முன்பே.